ஹெக்ஸ் எஸ்.எஸ். ராடில் பார்ட்டிங் டூல் ஏன் உடைகிறது?

வாலாஜாபேட்டையில் சொந்தமாக லேத் பட்டறை வைத்திருக்கும் தம்பி ஒருவர் கேட்டிருப்பது இது. 24 மி.மீ. 304 எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) ஹெக்ஸ், அதாவது அறுகோண ராடில் பம்புக்கு கிளாண்ட் நட் (ஷாஃப்டைச் சுற்றிக் கசியாமல் பாக்கிங்கை அழுத்தும் நட்) போடுகிறார். முன்பக்கம் வெளிமரை, பின்பக்கம் ஹெக்ஸ் தலை, நடுவில் 12 மி.மீ. துளை. ஆர்டர் ஒரு தோல் தொழிற்சாலைக்கு. பார்ட்டிங் போடும்போது, அதாவது முடிந்த பீஸை ராடிலிருந்து அறுத்தெடுக்கும்போது, நாலைந்து பீஸுக்கு ஒரு முறை டூல் முனை போய்விடுகிறது. போகாத நேரத்தில் கீச்சென்று கத்துகிறது. ஸ்பீடைக் குறைத்துப் பார்த்திருக்கிறார், கையால் மெதுவாகக் கொடுத்தும் பார்த்திருக்கிறார், பலனில்லை. அவருடைய கேள்விகள் மூன்று: ஹெக்ஸ் மூலை அடிப்பதால்தான் உடைகிறதா? எச்.எஸ்.எஸ். (ஹை ஸ்பீடு ஸ்டீல்) பிளேடை விட்டு இன்செர்ட்டுக்கு (மாற்றிப் போடும் கார்பைடு முனை) மாறலாமா? 304க்குப் பதில் 303 ராடு வாங்கினால் தீருமா?

மூலை அடிப்பது உண்மைதான் தம்பி. ஆனால் பழி முழுவதையும் மூலை மேல் போட முடியாது. மூலை அடிப்பது ஆரம்பத்தில் கொஞ்ச தூரம் மட்டும். டூலைக் கொல்வது பெரும்பாலும் அந்த அடிக்குப் பயந்து நாம் ஃபீடை, அதாவது டூல் உள்ளே இறங்கும் வேகத்தை, குறைப்பது. எஸ்.எஸ். விஷயத்தில் மெதுவாகக் கொடுப்பது டூலுக்குச் செய்யும் உதவி என்று நினைப்பதுதான் எல்லாப் பட்டறையிலும் இருக்கும் தவறான பழக்கம்.

முதலில் மூலையைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஹெக்ஸில் தட்டைக்குத் தட்டை 24 என்றால் மூலைக்கு மூலை அதை 1.1547ஆல் பெருக்க வேண்டும், 27.7 மி.மீ. வரும். டூல் முதலில் தொடுவது 27.7 விட்டத்தில். 24 விட்டத்துக்கு இறங்கியதும் தட்டைகள் மறைந்து வட்டம் முழுதாகிவிடும். அதாவது விட்டு விட்டு வெட்டுவது ஒரு பக்கத்துக்கு 1.86 மி.மீ. ஆழம் மட்டும். எந்த அளவு ஹெக்ஸாக இருந்தாலும் ஆரத்தில் முதல் 13 சதவீதத்தில்தான் அடி, மீதி 87 சதவீதம் சாதாரண ரவுண்டு ராடு பார்ட்டிங்தான்.

அந்த 1.86 மி.மீ.க்குள் எத்தனை அடி விழுகிறது? சுற்றுக்கு 0.05 மி.மீ. ஃபீடு என்றால் 37 சுற்று. சுற்றுக்கு ஆறு மூலை. பீஸ் ஒன்றுக்குச் சுமார் 220 அடி. ஆயிரம் பீஸ் ஆர்டருக்கு இரண்டு லட்சத்து இருபதாயிரம். பயந்துபோய் ஃபீடை 0.02க்கு இறக்கினால் அடியின் எண்ணிக்கை இரண்டரை மடங்காகும், அவ்வளவுதான் நடக்கும். இத்தனை அடியையும் 3 மி.மீ. அகலத்தில், வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு பிளேடு ஏன் வாங்க வேண்டும்? அந்த வேலைக்குத் தடிமனான வேறு டூலை அனுப்பலாமே. அதைப் பிறகு சொல்கிறேன்.

அதற்கு முன் எஸ்.எஸ். என்ன செய்கிறது என்று புரிந்துகொள்ள வேண்டும். 304இல் சுமார் 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல். இந்த வகை எஸ்.எஸ்.ஸை நசுக்கினாலும் இழுத்தாலும் உரசினாலும் அந்த இடம் இறுகிப்போகும். எம்.எஸ்.ஸிலும் (மைல்டு ஸ்டீல், சாதாரண இரும்பு) இது உண்டு, இங்கே பல மடங்கு. டூல் வெட்டிக்கொண்டு போகும்போதே அடியில் ஒரு மெல்லிய தோல் இறுகுகிறது. அடுத்த சுற்றில் முனை அந்தத் தோலுக்குக் கீழே இறங்கி வெட்டினால் பிரச்சினை இல்லை. ஃபீடு பத்தாமல் அந்தத் தோலுக்குள்ளேயே முனை நின்றால் வெட்டு நின்று உரசல் ஆரம்பிக்கும். உரசினால் இன்னும் இறுகும், சூடாகும், கத்தும். கத்துவதைக் கேட்டு நாம் கையை இழுப்போம். இழுத்த கணத்தில் முனை மேற்பரப்பைத் தேய்த்து அதைக் கண்ணாடி மாதிரி ஆக்கிவிடும். திரும்பக் கொடுக்கும்போது முனை ஏறாது, கொஞ்சம் அழுத்துவோம், டூலை உள்ளே தள்ளும் கிராஸ் ஸ்லைடு நட்டில் இருக்கும் லூஸ் மொத்தமும் ஒரே தடவையில் எடுத்து டூல் உள்ளே பாயும். உடைவது அப்போதுதான். மூலை அடித்து உடைந்ததாக நமக்குத் தோன்றும்.

ஹெக்ஸ் ராடுக்கு இன்னொரு கூடுதல் தொல்லை. கடையில் கிடைக்கும் ஹெக்ஸ் பெரும்பாலும் குளிர்நிலையில் டையில் இழுத்து வடிவம் கொடுத்தது. பளபளவென்று அளவாக இருப்பதற்கு அதுதான் காரணம். அப்படி இழுக்கும்போதே மேல்தோல் இறுகிவிடுகிறது. ஆகவே முதல் மில்லிமீட்டர் இயல்பாகவே கடினம், அதோடு அடியும் சேருகிறது. காந்தம் லேசாக ஒட்டுகிறதே, இது 304 இல்லையோ என்று சந்தேகப்படுகிறவர்களுக்கும் இதுதான் பதில்: குளிரில் இழுத்த 304 காந்தத்தைக் கொஞ்சம் பிடிக்கும்.

சூடும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். எம்.எஸ். வெப்பத்தைக் கடத்தும் அளவு மீட்டருக்கு, டிகிரிக்கு 50 வாட் என்றால் 304இல் அது 16தான். சிப்போடும் ராடோடும் போக வேண்டிய சூடு முனையிலேயே தங்கும். பார்ட்டிங் பள்ளத்துக்குள் காற்றும் போகாது, கூலண்டும் சரியாக இறங்காது. எச்.எஸ்.எஸ். முனை நீலம் பாய்ந்து மழுங்குவது இதனால்தான்.

இப்போது செய்முறை. உங்கள் வேலையில் எனக்கு முதலில் கண்ணில் பட்டது அந்த 12 மி.மீ. துளை. துளையை எப்போது போடுகிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. அறுத்த பிறகு திருப்பிப் பிடித்துத் துளை போடுகிறீர்கள் என்றால் முறையை மாற்றுங்கள். ஃபேஸிங் (முகத்தைச் சமமாக வெட்டுவது), துளை, வெளிமரை எல்லாம் ராடில் இருக்கும்போதே முடித்துவிட்டு, துளையைப் பார்ட்டிங் விழும் இடத்தைத் தாண்டி நாலைந்து மி.மீ. உள்ளே வரை கொண்டுபோய்விட்டு, கடைசியாகத்தான் அறுக்க வேண்டும். இதில் இரண்டு பெரிய லாபம். ஒன்று, பிளேடு மையம் வரை போக வேண்டியதில்லை. மையத்தில் வெட்டு வேகம் சைபர். அங்கே முனை வெட்டுவதில்லை, தள்ளுகிறது. துளை இருந்தால் அந்தக் கெட்ட இடமே கிடையாது. இரண்டாவது, பிளேடின் நீட்டம் குறைகிறது. முழு ராடை மையம் வரை அறுக்க பிளேடு 16 மி.மீ. வெளியே இருக்க வேண்டும். 12 மி.மீ. துளை இருந்தால் 10 மி.மீ. போதும். வளைவு நீட்டத்தின் மூன்றாம் அடுக்கில் போகும் என்பதால் 16க்கும் 10க்கும் உள்ள வித்தியாசம் நாலு மடங்கு. அதே பிளேடு, அதே லேத், நாலு மடங்கு விறைப்பு, ஒரு பைசா செலவில்லாமல்.

துளைக்குள் பார்ட்டிங் உடைத்துக்கொண்டு வரும்போது உள்விளிம்பில் வளையம் மாதிரி பிசிறு நிற்கும். கிளாண்ட் நட்டில் அது ஷாஃப்டைக் கீறும். போரிங் டூலை உள்ளே விட்டு, பார்ட்டிங் விழும் இடத்தில் அரை மி.மீ. ஆழத்துக்கு ஒரு சின்னப் பள்ளம் எடுத்துவிடுங்கள். பிளேடு அந்தப் பள்ளத்துக்குள் உடையும், பிசிறு துளையின் அளவுக்குள் வராது. அறுந்த பீஸ் எகிறி விழாமல் இருக்க டெயில் ஸ்டாக் டிரில் சக்கில் ஒரு 8 மி.மீ. ராடைப் பிடித்து, துளைக்குள் தொடாமல் நுழைத்து வையுங்கள். பீஸ் அதில் வளையல் போல வந்து தொங்கும். டெயில் ஸ்டாக் சென்டரை வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டு மட்டும் அறுக்காதீர்கள். அறுந்து முடியும் நேரத்தில் இரு பக்கமும் நெருக்கி பிளேடைக் கவ்விக்கொள்ளும்.

அடுத்தது மூலை. பார்ட்டிங் பிளேடு தொடுவதற்கு முன்பே அந்த இடத்தில் மூலைகளை எடுத்துவிட வேண்டும். அரை அங்குல எச்.எஸ்.எஸ். பிட் ஒன்றை எடுத்து நுனியில் 3.5 மி.மீ. தட்டையாகவும், டெயில் ஸ்டாக் பக்கம், அதாவது முடிந்த பீஸ் இருக்கும் பக்கம், 30 டிகிரி சாம்பர் (விளிம்புச் சரிவு) விழும்படி ஒரு சரிவாகவும் தீட்டிக்கொள்ளுங்கள். இடப்பக்கம் கிளியரன்ஸ் மட்டும் போதும். இந்த டூல் வெளியே 5 மி.மீ.க்கு மேல் நீட்ட வேண்டிய அவசியமே இல்லை, அதனால் எத்தனை அடி விழுந்தாலும் தாங்கும். இதைக் கொண்டு 23.5 மி.மீ. விட்டம் வரை இறக்குங்கள். 24க்கே நிறுத்தக் கூடாதா என்றால், இழுத்த ஹெக்ஸ் ராடு எச்11 டாலரன்ஸில் வரும், 24க்கு அது 0.13 மி.மீ. வரை குறையலாம். மூன்று ஜா சக்கில் பிடிக்கும்போது மையமும் கொஞ்சம் விலகும். 23.5 வரை போனால் எந்தத் தட்டையும் மிச்சமிருக்காது. 120 ஆர்பிஎம், நிற்காத ஃபீடு. நட்டின் பின்பக்கத்துக்கு எப்படியும் அந்தச் சாம்பர் வேண்டும். திருப்பிப் பிடித்துச் செய்யும் ஒரு வேலை மிச்சமாகிறது. ஆறு மூலையிலும் கத்தி மாதிரி நிற்கும் பிசிறும் இல்லை.

இனி பிளேடு போகும் பாதை 23.5இல் இருந்து 12 வரை, ஒரு பக்கத்துக்கு 5.75 மி.மீ., தொடர்ந்து வட்டமாக, அடியில்லாமல். பார்ட்டிங்கில் இதைவிடச் சுலபமான நிலைமை கிடையாது.

ஸ்பீடு, ஃபீடு. எச்.எஸ்.எஸ். என்றால் 304க்கு நிமிடத்துக்கு 12 முதல் 15 மீட்டர். 23.5 விட்டத்தில் அது 160இல் இருந்து 200 ஆர்பிஎம். உங்கள் லேத்தில் அந்த இடைவெளியில் எந்த கியர் இருக்கிறதோ அது. ஃபீடு சுற்றுக்கு 0.05. ஆட்டோ ஃபீடு கிராஸ் ஸ்லைடில் இருந்தால் அதைப் போடுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. கையில்தான் கொடுக்க வேண்டும் என்றால் ஒரு கணக்கு: 170 ஆர்பிஎம்மில் 0.05 என்பது நிமிடத்துக்கு 8.5 மி.மீ. கிராஸ் ஸ்லைடு ஸ்குரூ 5 மி.மீ. பிட்ச் என்றால் கைப்பிடி ஒரு முழுச் சுற்று வர 35 வினாடி. கடிகாரத்தைப் பார்த்து இரண்டு தடவை சும்மா சுற்றிப் பழகுங்கள், கைக்கு அந்த வேகம் வந்துவிடும். மொத்த பார்ட்டிங் 40 வினாடியில் முடியும். ஆரம்பித்தால் நடுவில் நிறுத்தக் கூடாது. நிறுத்தத்தான் வேண்டும் என்றால் டூலை முழுசாக வெளியே எடுத்துவிட்டுப் பிறகு நில்லுங்கள், சுற்றும் ராடில் டூலைத் தொட்டபடி வைத்திருக்காதீர்கள்.

கத்தினால் ஸ்பீடைக் குறையுங்கள், ஃபீடைக் கூட்டுங்கள். கேட்கத் தலைகீழாக இருக்கும், ஆனால் சரி. சிப்பின் தடிமன் கூடினால் முனைக்கு மேல் ஒரு நிலையான அழுத்தம் உட்கார்ந்து அதிர்வை அடக்கும். பள்ளத்திலிருந்து வரும் சிப் கடிகார ஸ்பிரிங் மாதிரி சுருண்டு வந்தால் ஃபீடு சரி. ஊசி ஊசியாகவோ தூளாகவோ வந்தால் உரசிக்கொண்டிருக்கிறீர்கள்.

லேத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் பக்கத்துப் பட்டறைகளில் ஓடுவது பாதி கைமாறி வந்த பழைய மெஷின்கள். பெல் துணைப் பட்டறைகளில் ஓடி, சிப்காட்டில் ஓடி, பிறகு நம்மிடம் வந்தவை. பழசு என்பதால் பார்ட்டிங் வராது என்று இல்லை. கிராஸ் ஸ்லைடு கிப்பை (ஸ்லைடின் ஆட்டத்தை எடுக்கும் தகடு) இறுக்கமாக நகரும் அளவுக்கு வையுங்கள். காம்பவுண்ட் ஸ்லைடைப் பின்னுக்கு இழுத்து, அடியில் முழுவதும் தாங்கும்படி வைத்து, அதன் கிப்பைப் பூட்டிவிடுங்கள். சாடிலைப் பெட்டில் லாக் செய்யுங்கள், இதை மறப்பவர்கள்தான் அதிகம். ராடு ஜாவுக்கு வெளியே எவ்வளவு குறைவாக நிற்கிறதோ அவ்வளவு நல்லது. பார்ட்டிங் ஜா முகத்திலிருந்து 5, 6 மி.மீ. தள்ளி விழட்டும். ஹெக்ஸை மூன்று ஜா சக்கில்தான் பிடிக்க வேண்டும், மூன்று தட்டையில் உட்காரும். கேப்ஸ்டன், டிராப் (Traub, தானியங்கி லேத்) மெஷின் என்றால் ஹெக்ஸ் காலெட் இருக்கிறது, அதன் பிடிக்கு எந்தச் சக்கும் ஈடாகாது. ஒன்றை மட்டும் பாருங்கள், ஸ்பிண்டில் துளை 25 மி.மீ. உள்ள மெஷினில் 24 ஹெக்ஸ் நுழையாது, மூலைக்கு 27.7 வேண்டும்.

டூலின் உயரம் மையத்துக்கு 0.1 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். கீழே இருந்தால் ராடு டூல் மேல் ஏறப் பார்க்கும், மேலே இருந்தால் முனைக்குக் கீழே உள்ள முகம் உரசும். கண்ணால் பார்த்து டெயில் ஸ்டாக் சென்டருக்கு வைப்பது போதாது. ஒரு வட்ட ராடில் ஃபேஸிங் எடுத்து நடுவில் மொட்டு (வெட்டுப்படாமல் நிற்கும் சின்ன முனை) நிற்காத உயரத்தைக் கண்டுபிடித்து, அதற்கேற்ற பேக்கிங் தகடுகளைக் கம்பியால் கட்டித் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். பிளேடு ராடுக்கு நேர் செங்குத்தா என்று சக்கு முகத்தில் ஒட்டிப் பாருங்கள். அரை டிகிரி சாய்ந்தால் பள்ளத்தின் ஒரு சுவரில் தேய்த்துக்கொண்டே போகும்.

பின்பக்க டூல் போஸ்ட் வசதி இருந்தால், பிளேடைத் தலைகீழாகப் பிடித்துப் பின்னாலிருந்து கொடுப்பது எனக்கு மிகவும் பிடித்த முறை. சிப் தானே கீழே விழும். டூல் கடித்துக்கொள்ளும் நேரத்தில் அது ராடுக்குள் பாயாமல் விலகிப் போகும். முன்பக்க டூல் போஸ்டிலேயே தலைகீழாகப் பிடித்து ஸ்பிண்டிலை ரிவர்ஸில் ஓட்டலாம் என்று சிலர் சொல்வார்கள். மரையில் மாட்டும் சக்கு உள்ள லேத்தில் அதைச் செய்யவே கூடாது, சக்கு கழன்று வரும்.

இன்செர்ட்டா, எச்.எஸ்.எஸ்.ஸா? உங்கள் லேத்தின் நிலை தெரியாமல் ஒரே பதில் சொல்ல முடியாது. எச்.எஸ்.எஸ். அடியைத் தாங்கும், மெதுவான லேத்துக்குப் பொருந்தும், மழுங்கினால் தீட்டிக்கொள்ளலாம். சாதாரண எம்2க்குப் பதிலாக 5 சதவீதம் கோபால்ட் உள்ள எம்35 பிளேடு வாங்குங்கள், சூட்டில் அதன் விளிம்பு நிற்கும். முன் கிளியரன்ஸ் 6 முதல் 8 டிகிரி, பக்கவாட்டில் ஒவ்வொன்றும் ஒன்றரை டிகிரி, மேல் ரேக் 5 முதல் 8. மேல்முகத்தில் நீளவாக்கில் லேசாக ஒரு பள்ளம் தீட்டினால் சிப் நடுவில் மடிந்து, வெட்டிய அகலத்தைவிடக் குறுகி, சுவரில் சிக்காமல் வெளியே வரும். இந்தச் சின்னப் பள்ளம் எஸ்.எஸ்.ஸில் பெரிய வித்தியாசம் செய்யும். தீட்டும்போது நீலமானால் தண்ணீரில் முக்காதீர்கள், கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு விழும்.

இன்செர்ட் ஸ்பீடு கேட்கும். நிமிடத்துக்கு 60 முதல் 100 மீட்டரில்தான் அதற்குச் சுகம், உங்கள் அளவில் அது 800இல் இருந்து 1300 ஆர்பிஎம். அந்த வேகத்தில் உங்கள் லேத் அதிராமல் நிற்குமானால் மாறுங்கள், பீஸ் ஒன்றுக்குப் பத்து வினாடிக்குள் அறுந்துவிடும். 150 ஆர்பிஎம்மில் இன்செர்ட் போட்டால் எஸ்.எஸ். முனையில் ஒட்டி ஒட்டிப் பிய்த்துக்கொண்டு போகும். வாங்கும்போது டப்பாவில் மஞ்சள் நிறக் கட்டத்தில் எம் என்று போட்டிருக்கிறதா பாருங்கள், அதுதான் எஸ்.எஸ். வகை. நீலம் சாதாரண ஸ்டீலுக்கு, சிவப்பு காஸ்ட் அயர்னுக்கு. முனை நேராக உள்ளதை வாங்குங்கள். சாய்வு முனை மொட்டைக் குறைக்கும், ஆனால் பிளேடைப் பக்கவாட்டில் தள்ளி முகத்தைக் குழியாக்கும். துளையுள்ள உங்கள் பீஸில் மொட்டே வராதபோது அது தேவையில்லை. சி.என்.சி.யில் போடுபவர்கள் ஜி96 (வெட்டு வேகத்தை மாறாமல் வைக்கும் கட்டளை) கொடுத்தால் ஜி50இல் உச்ச ஆர்பிஎம் கட்டாயம் கொடுக்க வேண்டும். மூலை இருக்கும் முதல் இரண்டு மி.மீ.க்கு ஸ்பீடைக் குறைத்து, 23.5க்குப் பிறகு முழு வேகம்.

3 மி.மீ. பிளேடா 2 மி.மீ. பிளேடா என்பதும் காசு சம்பந்தப்பட்டது. 24 ஹெக்ஸ் மீட்டருக்கு ஏறக்குறைய 4 கிலோ. அகலத்தில் ஒரு மி.மீ. குறைத்தால் ஆயிரம் பீஸுக்கு ஒரு மீட்டர் ராடு மிச்சம். 10 மி.மீ. நீட்டத்துக்கு 2 மி.மீ. இன்செர்ட் தாங்கும். எச்.எஸ்.எஸ்.ஸில் 3ஐ விட்டு இறங்க வேண்டாம்.

கூலண்ட் பற்றி நம் ஊர்க்காரர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ராணிப்பேட்டை, வாலாஜா, ஆம்பூர், வாணியம்பாடி என்று பாலாற்றங்கரையில் பல இடங்களில் போர் தண்ணீர் உப்பு. தோல் கழிவு நிலத்தடி நீரை எப்படிக் கெடுத்தது என்று உச்ச நீதிமன்றம் வரை வழக்குப் போய் 1996இல் தீர்ப்பே வந்தது. அந்தத் தண்ணீரில் சொல்யூபிள் ஆயிலைக் கலந்தால் பால் மாதிரி நிற்காமல் பிரிந்து மேலே எண்ணெய் ஆடை கட்டும். கீழே ஓடுவது வெறும் உப்புத் தண்ணீர். வழவழப்பு இருக்காது, முனை சீக்கிரம் போகும், லேத் பெட் துருப்பிடிக்கும். உப்பில் இருக்கும் குளோரைடு பள்ளத்தில் காய்ந்து நின்றால் எஸ்.எஸ்.ஸையே புள்ளி புள்ளியாக அரிக்கும். குடிநீர்க் குழாய் தண்ணீரோ ஆர்.ஓ. தண்ணீரோ பயன்படுத்துங்கள். ஆர்.ஓ. மெஷினின் கழிவு நீரை வீணாக்க வேண்டாமே என்று கூலண்ட் டேங்கில் ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். உப்பெல்லாம் சேர்ந்திருப்பது அதில்தான், அது கூடாது. தண்ணீரில் எண்ணெயை ஊற்றிக் கலக்க வேண்டும், எண்ணெயில் தண்ணீரை ஊற்றக் கூடாது. எஸ்.எஸ்.ஸுக்கு 8 முதல் 10 சதவீதம். கத்திரி வெயிலில் நம் ஊர் ஷெட்டுக்குள் ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், எண்ணெய் டேங்கிலேயே நிற்கும். ஆகவே கோடையில் குறைந்ததை நிரப்பும்போது ஒன்றிரண்டு சதவீதக் கலவையாக ஊற்றினால் போதும்.

எச்.எஸ்.எஸ்.ஸில் மெதுவாக ஓட்டும்போது இதைவிட நல்லது கந்தகம் சேர்ந்த கெட்டிக் கட்டிங் ஆயில். பள்ளத்துக்குள் விடாமல் சொட்டிக்கொண்டே இருக்க வேண்டும். இன்செர்ட்டுக்கு பிரஷ்ஷால் அவ்வப்போது தொட்டு வைப்பது மிகக் கெடுதல். சூடான கார்பைடில் குளிர்ச்சி விட்டு விட்டு விழுந்தால் வெடிக்கும். கொட்டுங்கள், அல்லது விட்டுவிடுங்கள்.

சுற்றும் ஹெக்ஸ் ராடு கண்ணுக்கு வழவழப்பான உருளையாகத் தெரியும். அது ஆறு மூலையுள்ள கத்தி. கையுறை, துண்டு, தொங்கும் சட்டைக் கை எதுவும் பக்கத்தில் போகக் கூடாது. எஸ்.எஸ். சிப்பைக் கொக்கியால் இழுங்கள், கையால் வேண்டாம். ஸ்பிண்டிலுக்குப் பின்னால் ராடு நீட்டிக்கொண்டிருந்தால் தாங்கி வைத்து, ஸ்பிண்டில் துளைக்கும் ராடுக்கும் நடுவில் நைலான் புஷ் ஒன்று கொடுங்கள். பின்னால் ராடு அடிக்கும் அதிர்வுகூட முன்னால் பார்ட்டிங்கில் கத்தலாக வரும். பெரிய லேத்தில் இருபது நிமிடம் டூல் பார்த்துவிட்டுக் கடைசியில் குற்றவாளி பின்னால் ஆடிய ராடு என்று தெரிந்ததுண்டு.

பத்து இருபது பீஸ்தான், அதுவும் 36, 41 போன்ற பெரிய ஹெக்ஸ், துளையும் இல்லை என்றால் பார்ட்டிங்கே வேண்டாம். பேண்ட்ஸாவில் ஒரு மி.மீ. கூடுதலாக அறுத்து ஃபேஸிங் எடுங்கள். கட்டிங் வீலில் அறுப்பதாக இருந்தால் எம்.எஸ். அறுத்த வீலை எடுக்காதீர்கள், இரும்புத் தூள் ஒட்டி நாலு நாளில் துருப்புள்ளி வரும்.

கடைசியாக 303. அதில் குறைந்தது 0.15 சதவீதம் கந்தகம் சேர்ப்பார்கள். மாங்கனீஸ் சல்ஃபைடு இழைகளாக அது உள்ளே நிற்கும், சிப் அங்கங்கே முறியும், டூல் நிம்மதியாக ஓடும். அறுப்பதற்கு அருமையான சரக்கு. ஆனால் உங்கள் நட் போகும் இடம் தோல் தொழிற்சாலை. அங்கே ஊறப்போடும் தொட்டியில் பச்சைத் தோலிலிருந்து வரும் உப்பு, சுண்ணாம்புத் தொட்டியில் சோடியம் சல்ஃபைடு, பிக்கிள் டிரம்மில் உப்போடு சல்பூரிக் ஆசிட். 303இல் அரிப்பு ஆரம்பிப்பதே அந்த சல்ஃபைடு இழைகளில்தான். சில மாதத்தில் மரைக்குள் குழி விழுந்து, பாக்கிங் கசிந்து, பழி உங்கள் மேல் வரும். தயவுசெய்து இந்த வேலைக்கு 303 போடாதீர்கள். உண்மையில் பிக்கிள் பக்கத்துப் பம்பு என்றால் 304கூட நான் கொடுக்க மாட்டேன். 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் உள்ள 316தான் குளோரைடை ஓரளவு எதிர்க்கும்.

இன்னொரு சந்தேகமும் இருக்கிறது. நாலைந்து பீஸில் டூல் போகிறது என்றால் உங்கள் ராடு நிஜமாகவே 304ஆ என்று பாருங்கள். நிக்கலைக் குறைத்து மாங்கனீஸைக் கூட்டிய 202, பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும், காந்தத்தாலும் பிரிக்க முடியாது, ஆனால் 304ஐவிட அதிகமாக இறுகும், அரிப்பையும் தாங்காது. ராடு வாங்கிய கடையில் ஹீட் நம்பரோடு டெஸ்ட் சர்டிஃபிகேட் கேளுங்கள். இல்லை என்றால் ஒரு துண்டை லேபில் கொடுத்துப் பாருங்கள். பம்பு எந்தத் தொட்டியில் நிற்கிறது என்று ஆர்டர் கொடுத்தவரிடம் கேட்டு, கிரேடை பி.ஓ.வில் (பர்ச்சேஸ் ஆர்டர்) எழுதி வாங்குங்கள். 316 என்று சொன்னால் மேலே சொன்ன ஸ்பீடில் பத்து சதவீதம் குறையுங்கள், ஃபீடு அதேதான்.